நாலாவது நிமிடத்தில் சங்கு

என்னுடைய மூன்றாவது டெக்னோ ரெக்கார்ட் இன்று தபாலில் வந்தது. முதல் இரண்டைப் போல இதுவும் கிளப்பில் ஆடுவதற்கென்றே செய்தது.

வட்டகொடை தேயிலைத் தோட்டத்து லயத்து வீட்டில் போட்டேன். ஞாபகமெல்லாம் போய்விட்ட அம்மா வாசலில் சும்மா உட்கார்ந்திருந்தார்.

நாலாவது நிமிடத்தில் தாளம் நின்று, எங்கள் ஃபாக்டரியின் காலைச் சங்கு ஊதும். ஃபாக்டரியை மூடுவதற்கு முன் நானே பதிவு செய்தது. ஜெர்மனியில் அந்த இடத்தில் எல்லோரும் கையைத் தூக்குகிறார்களாம்.

அம்மா எழுந்தார். போர்வையை இடுப்பில், கொழுந்து பறிக்கக் கட்டும் படங்குபோலச் சுற்றிக்கொண்டு கொழுந்துக் கூடையைத் தேடினார்.

"பெரட்டுக்குப் போய் பேர் குடுக்க நேரமாச்சுங்க தம்பி. கண்டாக்கையா ஏசுவாங்க. உள்ளுக்க புள்ள தூங்குறான், கொஞ்சம் பாத்துக்கங்க" என்றார் என்னிடம்.

அவருக்கு நான் ஒரே பிள்ளை.

"பாத்துக்கிறேங்க" என்றேன்.

இன்னும் வேலிச் செடியில் இலை கிள்ளிக்கொண்டிருக்கிறார். உள்ளே கூப்பிட்டால், "அந்திச் சங்கு ஊதலையேங்க" என்கிறார்.

அந்திச் சங்கு இரண்டு முறை ஊதும். கிளப்புக்குச் சரிவராது என்று நான் அதைப் பதிவு செய்யவில்லை. காலைச் சங்கையே வெட்டி ஒட்டிப் போட்டுப் பார்த்தேன், அம்மா ஏமாறவில்லை.

யாராவது அந்திச் சங்கை ஃபோனில் பிடித்து வைத்திருந்தால் அனுப்புங்கள். ரீமிக்ஸ் பண்ண இல்லை. அம்மா வேலை முடிந்து வீட்டுக்கு வர.