எழுத்துக்கு மேலே ஒரு சின்னக் கோடு

மகள் தென்காசியில் ஒரு தனியார் மருத்துவமனையில் நர்ஸ். வெளிநாட்டு வேலைக்காக ஆங்கிலப் பரீட்சை எழுதிக்கொண்டிருந்தாள். பேசுவதில் தேறிவிடுவாள், எழுதுவதில் போய்விடும். எழுத்துக்கு மேலே தொங்கும் அந்தச் சின்னக் கோடு, அபாஸ்ட்ரஃபி, அவளுக்குப் பிடிபடவே இல்லை. ‘இட் இஸ்’ என்று பிரித்துச் சொல்ல முடிந்தால் ‘இட்ஸ்’ஸுக்குக் கோடு உண்டு; ‘அதனுடைய’ என்றால் கிடையாது. சாப்பிடும்போதும் கேட்பேன், வேலைக்குக் கொண்டுபோய் விடும்போதும் கேட்பேன்.

“வண்டி ஓட்டுதியளா, பாடம் நடத்துதியளாப்பா?” என்று பின்னாலிருந்து சிரிப்பாள்.

இந்தச் சாரல் காலத்தில் மறுபடியும் பரீட்சை முடிவு வந்தது. எழுத்தில்தான் போயிருந்தது. போனை என்னிடம் நீட்டிவிட்டு, “குத்தாலத்துக்குப் போவமாப்பா?” என்றாள். மனசு சரியில்லை என்றால் எங்கள் பக்கத்தில் அருவியில் போய் நிற்பது வழக்கம். நானும் அப்படித்தான் நினைத்தேன்.

செருப்பைக் கழற்றி என்னிடம் தந்துவிட்டுப் பெண்கள் பக்கம் போனாள். கொஞ்ச நேரத்தில் தண்ணீர் செம்மண் நிறத்துக்கு மாறியது; மலையிலிருந்து வெள்ளம் இறங்குகிறது என்று அர்த்தம். போலீஸ் விசில் ஊதினார்கள். பெண்கள் நனைந்த துணியோடு கூச்சலிட்டுக்கொண்டு வெளியே ஓடிவந்தார்கள். கூட்டம் தீர்ந்துவிட்டது. என் மகள் வரவில்லை.

தடுப்பைத் தாண்டப் போனேன். பெண் போலீஸ் கையை விரித்து மறித்தார்.

“அண்ணாச்சி, பொம்பளைய பக்கம் எங்க போறிய?”

“எம் மக உள்ள நிக்கா!”

“இங்கனயே நில்லுங்க. நான் பாக்கேன்.”

மகளைக் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டுதான் வந்தார். “கம்பியக்கூடப் புடிக்காம நிக்கா, அண்ணாச்சி. ஏட்டி, அவ்வளவு விசில் அடிச்சோமே, உன் காதுல விழலையா?”

“விழுந்துச்சு,” என்றாள் மகள்.

திரும்பி வரும்போது அவள் என் தோளைப் பிடிக்கவில்லை. பின்னால் இருக்கிறாளா என்று கண்ணாடியைப் பார்த்துக்கொண்டே ஓட்டினேன். வீட்டில் இப்போதும் குளியலறையில் தண்ணீர்ச் சத்தம் நீண்டால் கதவுக்கு வெளியே போய் நிற்கிறேன்.

நேற்று அவளே பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். “கேளுங்கப்பா.”

‘யுவர்’ கேட்டேன். ‘யூ ஆர்’ கேட்டேன். சுவரைப் பார்த்தபடியே எல்லாவற்றையும் சொன்னாள். ஒன்றுகூடத் தப்பவில்லை. சாரல் தொடங்குவதற்கு முன்னால் இதற்காக எவ்வளவு ஏங்கியிருப்பேன்.

“போதும்மா.”

“இன்னும் கேளுங்க.”

நான் கேட்க நினைத்தது வேறு. மறுபடியும் ‘இட்ஸ்’ஸிலிருந்து தொடங்கினேன்.