என் மேல் என் கணவர் எழுதிய மனு

எனக்குத் திருமணமான இரண்டாம் வருஷம் எங்கள் சபை மூப்பர் என் மேல் ஒரு புகார் மனு அனுப்பினார். அதை முத்து முத்தான கையெழுத்தில் எழுதிக் கொடுத்தவர் என் கணவர்.

அப்போது நாங்கள் புதுச்சத்திரத்துக்கு மேற்கே இரண்டு மைல் தள்ளி ஒரு கிராமத்தில் இருந்தோம். ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பதுகளின் நடுப்பகுதி. என் கணவர் அங்கே உபதேசியார், நாமக்கல்லில் இருந்த போதகருக்குக் கீழே சபையைக் கவனித்துக்கொள்கிறவர். ஞாயிற்றுக்கிழமை ஆராதனை நடக்கும் அதே கூரைக்கூடத்தில் மற்ற நாட்களில் பள்ளிக்கூடம் நடத்துவார். சபையில் பதினைந்து குடும்பங்கள் இருந்தன. எல்லாரும் கூலிவேலை செய்கிறவர்கள். நான் சேலத்தில் விடுதிப் பள்ளியில் படித்தவள். வேதபாடத்தில் எந்தக் கேள்வி கேட்டாலும் எழுந்து நின்று பதில் சொல்லிப் பரிசு வாங்கியவள். உபதேசியார் மனைவிக்குத் தெரிய வேண்டியதெல்லாம் எனக்குத் தெரியும் என்று நம்பித்தான் அந்த ஊருக்குப் போனேன்.

ஊரில் பெரிய நிலக்காரரின் மனைவியை எல்லாரும் பண்ணாடிச்சி என்பார்கள். ஐம்பது வயதிருக்கும். தன் மருமகளுக்கு எழுதப் படிக்கச் சொல்லிக் கொடுக்கும்படி என்னைக் கேட்டிருந்தார். புதன்கிழமை மத்தியானங்களில் போவேன். வாசல் பந்தலில் மருமகள் சிலேட்டோடு உட்காருவாள். சற்றுத் தள்ளிப் பெண்கள் சிலர் கடலைக்காய் தொலித்துக்கொண்டிருப்பார்கள். எங்கள் மூப்பரின் மனைவியும் அவர்களில் ஒருத்தி.

ஒரு புதன்கிழமை பண்ணாடிச்சி திடீரென்று கேட்டார். "ஏனுங்க வாத்தியாரம்மா, உங்க சாமிக்கு எல்லாந் தெரியுமுங்களா?"

"தெரியுமுங்க."

"நாம மனசுல நெனைக்கறதுகூட?"

"அதுவுந் தெரியுமுங்க."

"அப்பறம் எதுக்குத் தெனமும் கண்ணை மூடிட்டு அவருகிட்ட ஒப்பிக்கறீங்க?"

இதற்குப் பள்ளியில் சொல்லித் தந்த பதில் என்னிடம் தயாராக இருந்தது. தகப்பனுக்குத் தெரிந்தாலும் பிள்ளை வாய் திறந்து கேட்டால் அவருக்குச் சந்தோஷம், அது போலத்தான் என்றேன். பண்ணாடிச்சி ஒரு கடலையை வாயில் போட்டு மென்றபடி யோசித்தார்.

"என்ற ஊட்டுக்காரருக்கும் எல்லாந் தெரியுமுங்க. அதனாலதான் நான் அவருகிட்ட ஒண்ணுமே சொல்றதில்லை."

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அடக்கப் பார்த்தேன், முடியவில்லை. மருமகள் சிலேட்டால் முகத்தை மறைத்துக்கொண்டு சிரித்தாள். பண்ணாடிச்சி மட்டும் சிரிக்கவில்லை. "சிரிக்காதீங்க கண்ணு. நெசமாத்தான் கேக்கறேன். சொல்லுங்க" என்றார்.

"தெரியலைங்க" என்றேன்.

வீட்டுக்கு வந்து வேலைகளை முடித்துவிட்டு வழக்கம்போல் முழங்காலிட்டேன். 'ஆண்டவரே' என்று தொடங்கியதுமே அந்தக் கேள்வி எதிரே வந்து உட்கார்ந்துகொண்டது. அடுத்த வார்த்தை வரவில்லை. மறுநாளும் அப்படியே. வெள்ளிக்கிழமை பெண்கள் கூட்டத்தில் என் முறை வந்தபோது தொண்டை கட்டிவிட்டது என்று பொய் சொல்லித் தப்பித்தேன். அடுத்த வெள்ளிக்கு இன்னொரு காரணம். இப்படி ஏழெட்டு வாரம் ஓடியது. கூடத்தைப் பெருக்கினேன், நோயாளிகளைப் போய்ப் பார்த்தேன், பாட்டுகளைச் சத்தமாகப் பாடினேன். ஜெபம் மட்டும் வரவில்லை. வேஷக்காரியாகிவிட்டேனோ என்ற பயம் உள்ளே அரித்தது. கணவரிடம்கூடச் சொல்லவில்லை.

ஒரு சாயங்காலம் மூப்பர் வந்தார். செங்கல் சூளையில் வேலை செய்கிறவர், உயரமானவர், நிலைப்படியில் தலை இடிக்காமல் உள்ளே வந்ததே இல்லை. எழுதப் படிக்கத் தெரியாது.

"வாத்தியாரய்யா, நாமக்கல்லுக்குப் போதகருக்கு ஒரு மனு எழுதோணுமுங்க."

"எழுதலாமே. எதைப் பத்தி?"

"உங்க ஊட்டம்மாவைப் பத்தித்தானுங்க. தப்பா நெனைக்காதீங்க. இந்த ஊருல எழுதத் தெரிஞ்சவரு நீங்க ஒருத்தர்தான்."

நான் அடுப்படியில் நின்று கேட்டுக்கொண்டிருந்தேன்.  என் கணவர் மைக்கூட்டையும் காகிதத்தையும் எடுத்துவைத்து, "சொல்லுங்க" என்றார்.

மூப்பர் சொல்லச் சொல்ல அவர் எழுதினார். ஜெபத்தைப் பற்றிப் பண்ணாடிச்சி கேலி பேசியபோது உபதேசியார் மனைவி கூடச் சேர்ந்து சிரித்தார். கேட்ட கேள்விக்குத் தெரியாது என்று பதில் சொன்னார். உபதேசியார் மனைவிக்கே தெரியாவிட்டால் மற்றவர்கள் கதி என்ன? ஓரிடத்தில் மூப்பருக்கு வார்த்தை வராமல் நின்றபோது, "சபைக்கு இடறலாக இருக்கிறதுன்னு எழுதட்டுங்களா?" என்று என் கணவரே எடுத்துக் கொடுத்தார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

மோர்ச் செம்பை எடுத்துக்கொண்டு போய் மூப்பர் முன்னால் வைத்தேன். "இன்னொண்ணும் எழுதிக்குங்க. ரெண்டு மாசமா நான் வாய் திறந்து ஜெபம் பண்ணலை. தொண்டை கட்டிருச்சுன்னு சொன்னது பொய்."

என் கணவரின் பேனா நின்றது. என்னை நிமிர்ந்து பார்த்தார். மூப்பர் செம்பைத் தூக்கியவர் குடிக்காமல் கீழே வைத்தார்.

"அதையும் எழுதட்டுங்களா?" என்று என் கணவர் மெதுவாகக் கேட்டார்.

"எழுதுங்க" என்றேன் நான்.

மூப்பர் போன பிறகு, "எப்படி உங்களுக்கு மனசு வந்தது?" என்று கேட்டேன். "நான் எழுதலைன்னா புதுச்சத்திரத்துல யார்கிட்டயாவது போய் எழுதி வாங்குவார். அங்கே கூடக்குறைய எழுதிருவாங்க. இதுல பொய் ஒண்ணும் இல்லை பாரு" என்றார். இரண்டு நாள் அவரோடு பேசவில்லை. மூன்றாம் நாள் வீட்டில் உப்புத் தீர்ந்துபோனதால் பேச வேண்டியதாயிற்று.

இரண்டு வாரம் கழித்துப் போதகர் சைக்கிளில் வந்து சேர்ந்தார். வேட்டியெல்லாம் செம்மண் புழுதி. கூடத்தில் மூப்பர், மூப்பர் மனைவி, நாங்கள் இருவர். போதகர் மனுவை விரித்ததும் என் கணவரைப் பார்த்தார்.

"இது உம்முடைய எழுத்துதானே?"

"ஆமாங்க ஐயா."

போதகர் மூக்குக் கண்ணாடியைக் கழற்றிக் கண்ணைத் துடைத்துக்கொண்டார். சிரிக்கிறார் என்பது அப்புறம்தான் எங்களுக்குத் தெரிந்தது. முழுவதும் படித்து முடித்துவிட்டு, "மூப்பரே, அந்தம்மா கேட்ட கேள்விக்கு நீங்களா இருந்தா என்ன பதில் சொல்லியிருப்பீங்க?" என்றார்.

மூப்பர் துண்டைத் தோளிலிருந்து எடுத்து மடியில் வைத்தார். 

"அது தெரியாமத்தானுங்க மனுவே போட்டது. இவ ஊட்டுக்கு வந்து சொன்னதுலருந்து எனக்கும் ஜெபம் வரமாட்டேங்குது. முழங்கால் போட்டா அந்தக் கேள்விதான் வருது. படிச்ச வாத்தியாரம்மாவே தெரியாதுன்னுட்டாங்களேன்னு பயந்து போனேனுங்க."

அவ்வளவு பெரிய மனிதர் குழந்தை போல் உட்கார்ந்திருந்தார். அவர்மேல் இருந்த கோபம் எங்கே போயிற்றென்று தெரியவில்லை. இரண்டு மாதமாக நான் தனியாகச் சுமந்ததையே நான்கு வீடு தள்ளி அவரும் சுமந்திருக்கிறார்.

போதகர் தொண்டையைச் செருமிக்கொண்டு, "ஒரு தகப்பன் இருக்கிறார்னு வெச்சுக்குங்க" என்று ஆரம்பித்தார்.

மூப்பர் மனைவி குறுக்கிட்டாள். "அதை வாத்தியாரம்மா அன்னைக்கே சொன்னாங்க சாமி. பண்ணாடிச்சி ஒத்துக்கலைங்க."

போதகர் மனுவை மடித்தார். "அப்படின்னா எனக்கும் தெரியலை" என்றார்.

ஐந்து பேரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம். முதலில் சிரித்தது மூப்பர்தான். அவர் சிரித்து நான் அதுவரை பார்த்ததில்லை. கடைசியில் மூப்பர் மனைவி, "நேரமாவுதுங்க. மாட்டுக்குத் தண்ணி காட்டோணும். ஜெபம் பண்ணிட்டு எந்திரிக்கலாம்" என்று சொல்லி என்னைப் பார்த்தாள்.

கண்ணை மூடினேன். "ஆண்டவரே, உமக்குத் தெரிந்ததைத்தான் சொல்லப்போகிறேன். எதற்கென்று எங்கள் ஐந்து பேருக்கும் தெரியவில்லை" என்று தொடங்கினேன். பிறகு வந்தது எல்லாம் நான் திட்டமிட்டதல்ல. ஊரில் இருக்கும் அம்மாவை நினைத்து ஏங்குவதைச் சொன்னேன். இவருக்கு வேலை போய்விடுமோ என்று பயந்ததைச் சொன்னேன். மனுவை இவ்வளவு அழகாக எழுதியிருக்க வேண்டாம் என்பதையும் சொன்னேன். பக்கத்தில் என் கணவரின் தோள் குலுங்கியது. நான் முடித்ததும் மூப்பர் மனைவி யாரும் கேட்காமலே தொடர்ந்தாள். புருஷனின் குறட்டை நிற்க வேண்டும் என்று உருக்கமாக வேண்டிக்கொண்டாள்.

அடுத்த புதன்கிழமை பண்ணாடிச்சியிடம், போதகருக்கும் தெரியவில்லையாம் என்று சொன்னேன். அவருக்கு முகமெல்லாம் மலர்ந்துவிட்டது. "அப்ப நாங் கேட்டது பெரிய கேள்விதானுங்க" என்றார். போதகருக்கென்று ஒரு மூட்டை கடலைக்காய் கொடுத்தனுப்பினார். பண்ணாடிச்சி கடைசிவரை எங்கள் கூடத்துக்கு வந்ததில்லை. ஆனால் நாங்கள் அந்த ஊரில் இருந்த ஒன்பது வருஷமும் வாரம் ஒரு கேள்வி வைத்திருப்பார். தெரிந்ததற்குப் பதில் சொல்வேன், தெரியாததைத் தெரியாது என்பேன். அதில் எனக்கு வெட்கம் இல்லாமல் போயிற்று.

வெள்ளிக்கிழமைக் கூட்டம்தான் மாறிப்போனது. அதுவரை மனப்பாடமாய் நாலு வரி சொல்லிவிட்டு எழுந்துபோன பெண்கள், மாமியார் பக்கத்தில் இருக்கும்போதே மாமியாரைப் பற்றி ஆண்டவரிடம் முறையிடத் தொடங்கினார்கள். மாமியார்களும் சும்மா இருக்கவில்லை. ஒருத்தி முடிக்குமுன் அடுத்தவள் ஆரம்பிப்பாள். வீட்டில் சோறாக்க நேரமில்லை என்று ஆண்கள் முணுமுணுத்ததால், விளக்கு வைக்கும் நேரத்துக்கு இருந்த கூட்டத்தைச் சூரியன் இறங்குமுன்பே தொடங்க வேண்டியதாயிற்று.