பாலத்தோடு திரும்பும் சப்பரம்

எங்கள் ஊர் மாதா கோயில் சப்பரத்தைத் தூக்குகிறவர்கள் எங்கள் தெருக்காரர்கள். அந்தச் சப்பரம் எங்கள் தெருவுக்கு மட்டும் வராது. இரண்டையும் அடுத்தடுத்துச் சொன்னால், கேட்கிறவர்கள் ஏதோ கவனக்குறைவு என்று நினைக்கிறார்கள். கவனக்குறைவெல்லாம் இல்லை. தெரிந்தே செய்வதுதான்.

கும்பகோணத்திலிருந்து டவுன் பஸ்ஸில் வந்து இறங்கினால் முதலில் கோயில். அங்கிருந்து நேராகப் பெரிய தெரு. தெரு முடிகிற இடத்தில் வாய்க்கால், அதன் மேல் பாலம். பாலத்துக்கு அந்தப் பக்கம் நாங்கள். ஒரு காலத்தில் பெரிய தெருக்காரர்களின் வயலில் நடவும் அறுப்புமாகக் கிடந்த குடும்பங்கள். இப்போது எங்களில் சொந்தமாக உழுகிறவர்கள் உண்டு, நர்ஸ் உண்டு, போலீஸ் உண்டு. நான் அரசுப் பள்ளியில் வரலாறு நடத்துகிறேன். ஆனால் திருவிழா அன்று நாங்கள் எல்லோரும் பாலத்துக்கு அந்தப் பக்கத்து ஆட்கள்தான். சப்பரம் பாலம் வரை வரும். கோயில் நிர்வாகத்தைப் பார்க்கிற பங்குப் பேரவையின் தலைவர், பெரிய தெருக்காரர், கைமணியை ஆட்டுவார். தூக்குகிறவர்கள் நின்ற இடத்திலேயே சுற்றித் திரும்புவார்கள். எங்கள் பெண்கள் பாலத்தின் மேல் நின்று மாலையை நீட்டுவார்கள், யாராவது வாங்கி மாதாவுக்குப் போடுவார்கள்.

காரணம் கேட்டால், "பாலம் தாங்காதும்மா" என்பார்கள். கொள்முதல் நிலையத்து லாரி நெல் மூட்டையோடு போகிற பாலம் அது. ஆவணி பிறந்தால் வேளாங்கண்ணிக்கு நடந்து போகிற கூட்டம் காவி உடுத்திக்கொண்டு அதன் வழியாகத்தான் போகிறது. நாங்கள் மோர் ஊற்றிக் கொடுக்கிறோம். மாதாவைத் தேடிப் போகிற அத்தனை பேரையும் தாங்குகிற பாலம், மாதா வந்தால் மட்டும் இடிந்து விழுந்துவிடுமாம்.

என் அப்பா சப்பரத்தின் முன்தண்டு பிடித்தவர். வலது தோளில் காய்ப்பு காய்த்து அப்படியே நின்றுவிட்டது. அதைத் தியாகம் என்பார். எனக்குப் பற்றிக்கொண்டு வரும். "தியாகம்னா அவங்களும் ஒரு வருஷம் தூக்கட்டுமே" என்பேன். "நான் அவங்களுக்காகத் தூக்கல" என்று வாயை மூடிவிடுவார். எங்கள் வீட்டில் இந்தச் சண்டை ஓயாது.

வகுப்பில் நான் பிள்ளைகளிடம் விடாமல் கேட்கிற கேள்வி ஒன்று உண்டு. அரசன் அணை கட்டினான் என்று புத்தகம் சொல்கிறதே, கல்லைச் சுமந்தது யார்? எங்கள் கோயில் சுவரிலும் ஒரு கல்வெட்டு இருக்கிறது. இடம் கொடுத்தவர் பெயர் இருக்கிறது, அடிக்கல் நாட்டிய சாமியார் பெயர் இருக்கிறது. ஆற்று மணலைக் கூடை கூடையாகத் தலையில் சுமந்த எங்கள் ஆட்கள் அதில் இல்லை. மக்களுக்காகத் தன்னையே கொடுத்த தலைவர்களைப் பற்றித் திருவிழாப் பிரசங்கத்தில் உருகி உருகிப் பேசுவார்கள். வரலாறு படித்த எனக்குத் தெரிந்த வரையில், கேள்வி கேட்டால் பதில் சொல்கிறவர்தான் தலைவர். மற்றவர்கள் நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறவர்கள்.

போன வருஷம் அப்பாவுக்குப் பக்கவாதம் வந்தது. ஒரு கால் இழுத்துக்கொண்டது. கோயிலுக்கும் போக முடியவில்லை, பாலம் வரைக்கும் நடக்க முடியவில்லை. வாழ்க்கையில் எதையும் கேட்டுப் பழகாத மனிதர், "ஒரு தடவ மாதா நம்ம வாசல்ல வந்து நின்னா போதும்" என்றார்.

அதைக் கேட்கத்தான் பங்குச் சாமியாரிடம் போனேன். இளவயதுக்காரர், கெட்டவர் இல்லை. "பேரவையில பேசணும்மா, அடுத்த வருஷம் பாக்கலாம்" என்றார். பேரவையோ, வழக்கத்தை மாற்றினால் பிரச்சனை வரும் என்றது. அப்படியானால் இந்தத் திருவிழாவுக்கு எங்கள் தோள் வராது என்று எங்கள் பையன்கள் சொன்னார்கள். சொல்லச் சொன்னது நான்தான். இதில் மறைக்க என்ன இருக்கிறது?

பெரிய தெருவில் தூக்குகிற வயதுக்காரர்கள் சென்னையிலும் சிங்கப்பூரிலும் இருக்கிறார்கள். ஊரில் இருப்பவர்களுக்கு மூட்டுவலி. பேரவை யோசித்து, டிராக்டரைக் கொண்டுவந்தது. தூக்குகிறவர்களின் சிரமத்தைக் குறைக்கவே இந்த ஏற்பாடு என்று மைக்கில் அறிவிப்பு வேறு. டிரெய்லருக்கு வாழைமரம் கட்டி, சீரியல் லைட் சுற்றி, மாதாவை அதில் ஏற்றினார்கள்.

விளக்கு வைக்கிற நேரத்துக்கு டிராக்டர் பாலத்தருகே வந்தது. தலைவர் கைமணியை ஆட்டினார். டிராக்டர் நின்றது. குத்தாலத்துப் பக்கமிருந்து வாடகைக்கு வந்த டிரைவர் இடமும் வலமும் பார்த்தார்.

"எங்கங்க திருப்புறது?"

அப்போதுதான் எல்லோருக்கும் உறைத்தது. தோளில் இருக்கிற சப்பரம் நின்ற இடத்தில் சுற்றும். டிரெய்லர் சுற்றுமா? இரண்டு பக்கமும் வீடு, வாசலில் கார், நடுவில் கூட்டம்.

"பாலத்தத் தாண்டி நெல்லு காயப்போடுற களம் இருக்குல்லங்க, அங்க போயி ஒரு வளை வளைச்சுட்டு வந்துரலாம்" என்றார் டிரைவர்.

எனக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. தலைவர் என்னைப் பார்க்காமல் டிரைவரிடம் சொன்னார்: "சரி, போப்பா. சட்டுன்னு திருப்பிட்டு வந்துரு. எங்கயும் நிறுத்தாத."

எங்கயும் நிறுத்தாத. அந்த வார்த்தைக்குப் பிறகு சிரிப்பு வரவில்லை. நான் பாலத்தின் நடுவில் போய் நின்றேன்.

"எங்களுக்காக வர்றீங்களா, வண்டியத் திருப்ப வர்றீங்களா?"

"நல்ல நாளும் அதுவுமா தகராறு பண்ணாதீங்க டீச்சர். வரணும்னுதான கேட்டீங்க? வருதுல்ல?" என்றார் தலைவர்.

"இப்படி வரணும்னு கேக்கல. இத்தன வருஷம் வராதது தப்பு, இனிமே வருஷா வருஷம் வரும்னு ஃபாதர் மைக்ல சொல்லட்டும். சொல்லிட்டு வாங்க. வீட்டுக்கு வீடு நிறுத்துங்க."

மைக் சாமியார் கையில்தான் இருந்தது. அவர் தலைவரைப் பார்த்தார். தலைவர் வாய்க்காலைப் பார்த்தார்.

நான் நின்ற இடத்திலிருந்து எங்கள் வீடு தெரிந்தது. வாசலில் பிளாஸ்டிக் நாற்காலியில், இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டையோடு அப்பா. நான் விலகினால் மாதா அவர் கண்முன்னே போவாள். அடுத்த திருவிழாவுக்கு அவர் இருப்பாரா என்று யாருக்குத் தெரியும்? தம்பி மனைவி பக்கத்தில் வந்து, "மாமாவுக்காகவாவது விட்டுருங்க அண்ணி" என்றாள். ஆனாலும் நான் நகரவில்லை.

சாமியார் மைக்கைக் கீழே இறக்கினார்.

"ரிவர்ஸ் எடுப்பா" என்றார் தலைவர்.

"மாதாவ வெச்சுக்கிட்டு ரிவர்ஸாங்க?" என்று டிரைவரே கேட்டுவிட்டார். வேறு வழியில்லை. பெரிய தெரு முழுக்க டிராக்டர் பின்னோக்கியே போனது. பேண்டு செட்காரர்களுக்கு எந்தப் பக்கம் நடப்பதென்று தெரியவில்லை. மைக்கில் ஒரு வாக்கியம் சொல்வதைவிடப் பேரவைக்கு இது சுலபமாக இருந்தது. மாதா மட்டும் கடைசிவரை எங்களைப் பார்த்தபடியே போனாள்.

வீட்டுக்கு வந்தேன். அப்பாவின் முகத்தைப் பார்க்கப் பயமாக இருந்தது. "கோவமாப்பா?" என்றேன்.

அவர் வெள்ளைச் சட்டையின் மேல் பொத்தானைக் கழற்றினார். பிறகு, "மாதா வருவா. இவனுங்க சொல்லிட்டுக் கூட்டிட்டு வரட்டும்" என்றார்.

இந்த வருஷம் கொடியேற்றத்துக்கு முன்பு பேரவையிலிருந்து ஒருவர் வந்தார். டிராக்டர் சரிப்பட்டு வரவில்லை, பழையபடி தோளுக்கு ஆள் வேண்டும் என்றார். நான் வாயைத் திறப்பதற்குள் நாற்காலியிலிருந்து அப்பா கேட்டார்:

"மைக்க எடுத்துட்டு வந்தீங்களா?"