வெற்றுக் குப்பியில் வந்த காரீயம்

உதட்டுச் சாயத்தோடு வந்த மாணவியை வாசலிலேயே திருப்பி அனுப்பியிருக்கிறேன். முகப்பவுடர் வாசனை வந்தாலும் விடமாட்டேன். பாறைகளின் வயதைக் கணிக்கும் ஆய்வுக்கூடம் ஒன்றில் பதினான்கு வருடமாகத் தொழில்நுட்ப வேலை எனக்கு. அங்குள்ள சுத்த அறைக்குள் யார் போகலாம், யார் போகக்கூடாது என்பது என் கையில். ஆங் மோ கியோவில் இருக்கும் வீட்டிலிருந்து ரயில் மாறி வந்து, முதல் காரியமாக வளையல், தோடு எல்லாவற்றையும் கழற்றி வைப்பேன். முதுகுக்குப் பின்னால் என்னை 'இமிகிரேஷன்' என்று சொல்வார்கள். அதில் எனக்குக் கொஞ்சம் பெருமையும் உண்டு.

இந்தக் கெடுபிடிக்குக் காரணம் இருக்கிறது. கிரானைட் பாறைக்குள் சிர்கான் என்று ஒரு வகை மணிகள் இருக்கும். தூள் உப்பைவிடச் சிறியவை. பாறைக் குழம்பு இறுகும்போது அந்த மணி யுரேனியத்தை உள்ளே சேர்த்துக்கொள்ளும், காரீயத்தை அநேகமாகச் சேர்க்காது. பிறகு அந்த யுரேனியம் மாறாத ஒரே வேகத்தில் கொஞ்சம் கொஞ்சமாகக் காரீயமாகிக்கொண்டே வரும். இன்று யுரேனியம் எவ்வளவு மிச்சம், காரீயம் எவ்வளவு சேர்ந்திருக்கிறது என்று அளந்தால் பாறையின் வயது கிடைத்துவிடும். மணியை அமிலத்தில் கரைக்கும்போது வெளியிலிருந்து இம்மியளவு காரீயம் விழுந்தாலும் எல்லாம் கெட்டது. அதனால் ஒவ்வொரு முறையும் மணியே போடாத ஒரு வெற்றுக் குப்பியையும் அதே அமிலம், அதே தண்ணீர், அதே கை என்று எல்லாப் படிகளிலும் கூடவே கொண்டுபோவோம். அதில் காரீயம் இல்லாத மாதிரிதான் வரவேண்டும்.

தீபாவளி முடிந்த சில வாரங்களில் வெற்றுக் குப்பியில் காரீயம் ஏறத் தொடங்கியது.

அப்போது அந்த அறையில் வேலை செய்தது நானும், திருச்சிப் பக்கத்திலிருந்து முனைவர் பட்டத்துக்கு வந்திருந்த ஒரு பெண்ணும்தான். சுரங்க ரயில் பாதைக்காகத் துளையிட்டபோது கிடைத்த ஒரு கிரானைட் துண்டை வைத்துத்தான் அவளுடைய ஆய்வு. துளையை மூடிவிட்டார்கள், இன்னொரு துண்டு கிடைக்காது. அதிலிருந்து பொறுக்கிய நல்ல மணிகளெல்லாம் இந்தக் கலப்படத்தில் வீணாகி, மூன்றே மூன்று மிச்சமிருந்தன. இந்த நாட்டில் தங்கிப் படிக்க அவளுக்குக் கொடுத்திருந்த மாணவர் பாஸ் ஜூனில் முடிகிறது.

நான் அவளைத்தான் சந்தேகப்பட்டேன். புதியவள், கொஞ்சம் அவசரக்காரி. குப்பிகள் அத்தனையையும் மறுபடி அமிலத்தில் கொதிக்கவைக்கச் சொன்னேன். நகத்தை ஒட்ட வெட்டச் சொன்னேன். ஒருநாள் வாராந்தரக் கூட்டத்தில், அவள் கை சுத்தமில்லை, பிரச்சினை அதுதான் என்று சொல்லியும்விட்டேன். தமிழில் சொன்னால் பேராசிரியருக்கும் மற்றவர்களுக்கும் புரியாது என்று ஆங்கிலத்திலேயே சொன்னேன். அவள் தலையைக் குனிந்து நோட்டில் ஏதோ எழுதிக்கொண்டிருந்தாள்.

அந்தச் சமயத்தில் அவள் எனக்கு ஒரு ஸ்டிக்கர் பொட்டு அட்டை வாங்கி வந்தாள். "தேக்கா கடைத்தெருவுக்குப் போயிருந்தேன்க்கா. உங்களுக்கு நல்லாருக்கும்னு தோணுச்சு. லேபுக்கு வர்றப்ப வச்சுக்கலாம்."

ஐஸ் வைக்கிறாள் என்று நினைத்தேன். அட்டையை இழுப்பறையில் போட்டு மூடினேன்.

அமிலத்தை மாற்றினோம், தண்ணீர் வடிகட்டியை மாற்றினோம், கையுறையை மாற்றினோம். குறையவில்லை. கடைசியில் பேராசிரியர் எங்கள் இருவரையும் ஆளுக்கொரு வாரம் தனியாக வேலை செய்யச் சொன்னார். அவள் வாரத்தில் வெற்றுக் குப்பி சுத்தமாக வந்தது. என் வாரத்தில் காரீயம். கருவி சரியில்லை என்று சண்டை போட்டு இன்னொரு முறை செய்தேன். மறுபடியும் காரீயம்.

அன்று உடை மாற்றும் இடத்தில், சுத்த அறைக்குள் நெற்றிவரை இழுத்துப் போடும் தொப்பியைக் கழற்றி வைத்தேன். அவள் அதன் உள்விளிம்பைப் பார்த்தாள். நான் கவனிப்பது தெரிந்ததும் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். வெள்ளைத் துணியில் சிவப்பாக ஒரு தீற்றல். என் குங்குமம்.

கல்யாணமான நாளிலிருந்து வைக்கிறேன். விதிமுறைத் தாளில் லிப்ஸ்டிக், பவுடர், கண்மை எல்லாம் எழுதியிருக்கிறது. மாதாமாதம் படித்துக் கையெழுத்தும் போடுகிறேன். குங்குமத்தை ஒப்பனை என்று நான் ஒருநாளும் நினைத்ததில்லை. இத்தனை வருடம் வைத்தது மஞ்சளில் செய்த மங்கல் நிறக் குங்குமம், ஒன்றும் ஆகவில்லை. இந்தத் தீபாவளிச் சந்தையில், நிறம் பளிச்சென்று இருக்கிறதே என்று வேறொரு டப்பாவை வாங்கியிருந்தேன்.

"எப்பலேருந்து தெரியும் உனக்கு?"

"தெரியும்னு இல்லக்கா. ஒரு மாசமா சந்தேகம்."

"அப்புறம் ஏன் சொல்லல?"

அவள் கையுறையை உருவிக்கொண்டே சொன்னாள். "கல்யாணமானவங்ககிட்ட குங்குமத்த அழிச்சுட்டு வாங்கன்னு எந்த வாயால சொல்றது? அதான் ஸ்டிக்கர் வாங்கிட்டு வந்தேன்."

எனக்கு வெட்கமாக இருந்தது. ஒரு மாதமாக நான் திட்டிய திட்டையெல்லாம், ஜூன் நெருங்குவது தெரிந்தும், வாயைத் திறக்காமல் வாங்கியிருக்கிறாள்.

மறுநாள் டப்பாவைக் கொண்டுபோய் ஒரு சிட்டிகையை அளந்து பார்த்தோம். காரீயம் தாராளமாக இருந்தது. இனி வேலைக்கு வெறும் நெற்றியோடுதான் போகவேண்டும் என்று வீட்டில் தயங்கித் தயங்கிச் சொன்னேன். கணவர் சாப்பாட்டிலிருந்து தலையை நிமிர்த்தவில்லை. "எனக்கு ஒண்ணும் ஆகாது லா. நீ மொதல்ல போய் மூஞ்சக் கழுவு."

அடுத்த கூட்டத்தில் அதே நாற்காலியில் உட்கார்ந்து, அதே ஆங்கிலத்தில், சுத்தமில்லாமல் இருந்தது என் நெற்றி, அவள் கை சுத்தமாகத்தான் இருந்தது என்று சொன்னேன்.

உடைகளையெல்லாம் மாற்றி, அறையை மூலை முடுக்கெல்லாம் துடைத்து, வெற்றுக் குப்பி மூன்று தடவை தொடர்ந்து சுத்தமாக வந்த பிறகுதான் கடைசி மூன்று மணிகளைத் தொட்டோம். மூன்றும் ஒரே வயதைச் சொல்லின: இருபது கோடி ஆண்டுகளுக்கு மேல். மே மாதமே அவள் ஆய்வேட்டைக் கொடுத்துவிட்டாள்.

அந்த மணிகளைக் குப்பியில் போட்ட காலை எனக்கு அடிக்கடி நினைவுக்கு வருகிறது. மேசை முன்னால் உட்கார்ந்திருந்தவள் எழுந்து, மணிகள் இருந்த சிறு தட்டை என் பக்கம் நீட்டினாள்.

"நீங்களே போட்டுடுங்கக்கா. எனக்குக் கை நடுங்குது."

அவள் கையைப் பார்த்தேன். அது நடுங்கவில்லை. கொஞ்சம் இரு என்று சொல்லி வெளியே போய், நெற்றியை இன்னொரு தடவை சோப்புப் போட்டுக் கழுவிவிட்டு வந்து தட்டை வாங்கிக்கொண்டேன்.