வெறுங்குப்பியில் வளர்ந்த பொறாமை

வெந்நீர் ஊற்றுகளின் ஊரான பெப்புவில் சாக்கடை மூடியிலிருந்துகூட ஆவி வரும். எங்கள் ஆய்வகத்தில் அது நெமோட்டோ ஷூஹெய்யின் காதிலிருந்தும் வந்தது.

நெமோட்டோ முனைவர் பட்டத்துக்காக வெந்நீர் ஊற்றுச் சேற்றின் நுண்ணுயிர்களை ஆராய்ந்துவந்தான். சேற்றில் கிடக்கும் டி.என்.ஏ.வைப் பிரித்துப் படித்தால் அங்கே யார் யார் குடியிருக்கிறார்கள் என்று தெரிந்துவிடும், வாக்காளர் பட்டியல் மாதிரி. அவன் சேற்றில் மட்டும் எத்தனை முறை படித்தாலும் ஊரறிந்த பழைய குடும்பங்களே வந்தன. ஆனாலும் வசந்தகால மாநாட்டில் பேசப்போவது தானே என்று நம்பிக் கோட்டுகூட வாங்கி வைத்திருந்தான். ஆய்வகத்திலிருந்து ஒருவருக்குத்தான் மேடை.

அந்த நேரம் பார்த்து, வாகயாமாவிலிருந்து புதிதாக வந்து சேர்ந்த யுவாசா மிச்சி, பொதுக் குளியல்கூடத்தின் பின்புறத்துச் சேற்றை அள்ளிவந்தாள். அதில் எந்தப் பட்டியலிலும் பெயர் இல்லாத ஓர் உயிரின் தடம் இருந்தது.

"நான் மலையேறி மண்ணு தோண்டுறேன். இவ குளிக்கப் போன எடத்துல கண்டுபிடிக்கிறா," என்றான் நெமோட்டோ.

"நீங்களும் குளிங்க சீனியர்," என்றாள் மிச்சி.

பேராசிரியர் கமியா நிதானஸ்தர். "புதுச் சேறு எடுத்து முழுசா இன்னொரு தடவை செஞ்சு காட்டு. மேடையை அப்புறம் பேசிக்கலாம்," என்றார்.

பொறாமையை வாய்விட்டுச் சொல்வது எங்களிடம் அநாகரிகம். பொறாமை வந்தால் உதவி செய்வோம். நெமோட்டோ தினமும் காலையில் உதவ வந்தான். மீத்தோவிலிருந்து அவன் அம்மா வைக்கோலில் பொதிந்து அனுப்பும் நாட்டோவை, அதாவது புளித்த சோயாப் பயறை, நூல் நூலாய் இழைய அடித்துச் சோற்றில் போட்டுத் தின்றுவிட்டு, அந்த மணத்தோடேயே மிச்சியின் மேசைக்கு வருவான்.

சேற்றுக் குப்பிகளோடு ஒரு வெறுங்குப்பியும் இருக்கும். சுத்தத் தண்ணீர் மட்டும். சேற்றுக்குச் செய்வதையெல்லாம் அதற்கும் செய்வார்கள். கடைசியில் அதில் ஒன்றும் தெரியக்கூடாது. தெரிந்தால் வேலையில் அழுக்கு என்று அர்த்தம். மிச்சி ஐஸ் எடுக்கப் போனபோது நெமோட்டோ அதன் மூடியைக் கழற்றி, மூக்கை வைத்து, தண்ணீரை மோந்து பார்த்தான். ஆராய்ச்சி மனம்!

முடிவுகள் வந்த அன்று எல்லோரும் கூடியிருந்தோம்.

"மத்ததெல்லாம் இருக்கட்டும் சென்செய். முதல்ல வெறுங்குப்பியக் காட்டச் சொல்லுங்க," என்று பேராசிரியரிடம் சொன்னான் நெமோட்டோ.

திரையில் விரிந்த வரைபடத்தில் வெறுங்குப்பிக்கு நேராக ஒரு கம்பம் நெட்டையாய் நின்றது. நெமோட்டோவின் முகம் குளியல்கூட வாசல் விளக்குப் போல் பிரகாசித்தது.

"அடப் பாவமே! என்ன உயிருன்னு சத்தமாப் படி யுவாசா."

"நாட்டோ பாக்டீரியா, சீனியர்."

"பாத்தீங்களா! தின்னுட்டுக் கைய கழுவாம வேலைக்கு வந்தா இப்படித்தான். இதோட மேடையேறினா நம்ம மானம் போயிடும்."

"நான் வாகயாமாக்காரி," என்றாள் மிச்சி. "அந்த நாத்தத்த எங்க வீட்டு வாசப்படிகூட ஏத்த மாட்டோம்."

கமியா கண்ணாடியைத் துடைத்துக்கொண்டார்.

"நெமோட்டோ, தாடையில ஒரு நாட்டோ ஒட்டிக்கிட்டிருக்கு பாரு."

நெமோட்டோவின் கை சட்டென்று தாடைக்குப் போனது. அங்கே ஒன்றுமில்லை.

"குப்பியத் தெறந்தியா?"

"சுத்தமா இருக்கான்னு... லேசா மோந்து பாத்தேன், சென்செய்."

"சேத்துக் குப்பி ஒண்ணுலயும் நாட்டோ இல்ல. புது உயிரு எல்லாத்துலயும் இருக்கு, வெறுங்குப்பியில மட்டும் இல்ல. உன் மூச்சுக் காத்தையே இந்தச் சோதனை கண்டுபிடிச்சிருக்குன்னா, பொண்ணு வேலையப் பழுதில்லாம செஞ்சிருக்கா. யுவாசா, மேடை உனக்கு."

மாநாட்டில் மிச்சி ஒன்றையும் மறைக்கவில்லை. அந்த நெட்டைக் கம்பத்தையும் திரையில் காட்டி, "இது ஒரு சீனியரோட காலைச் சாப்பாடு," என்றாள். அரங்கம் சிரித்தது. முன்வரிசைப் பெரியவர்கள் போட்டோ எடுத்துக்கொண்டார்கள். புதுக் கோட்டோடு கடைசி வரிசையில் உட்கார்ந்திருந்தான் நெமோட்டோ.

மிச்சியை அவன் ஒருவழியாய் மன்னித்துவிட்டான். பாக்டீரியாவைத்தான் மன்னிக்க முடியவில்லை. சோறு போட்டு வளர்த்தவன் கீழே உட்கார்ந்திருக்க, அது மட்டும் மேடையேறிவிட்டதே! இப்போதெல்லாம் காலையில் நாட்டோவை அவன் அடிக்கிற அடி மூன்றாவது அறைவரை கேட்கிறது.