கை தூக்கிய நாள்

கடலில் காற்றாலை வைக்கும் திட்டத்தை எதிர்ப்பதா ஆதரிப்பதா என்று எங்கள் இடதுசாரிக் குழு லிட்டில் இந்தியாவில் ஒரு துணிக்கடை மாடியில் கூடியது. நிலக்கரிப் புகைக்கு இது எவ்வளவோ மேல் என்றார் மூத்த தோழர் ஒருவர். மீனவர் பிழைப்புப் போகும் என்று மற்ற எல்லோரும் எதிர்த்துக் கை தூக்கினோம். வாக்கில் தோற்றவரும் முடிவுக்காக உழைக்க வேண்டும் என்பது எங்கள் வழக்கம். மறுநாள் படகுத்துறையில் எதிர்ப்புத் துண்டறிக்கைகளை என்னோடு நின்று அவரும் கொடுத்தார்.

"கஷ்டமா இல்லையாண்ணே?" என்றேன்.

"ஓட்டு முடிஞ்சிருச்சு லா. நீங்கல்லாம் யோசிச்சுத்தானே கை தூக்குனீங்க," என்றார்.

நான் யோசிக்கவில்லை. கூட்டத்தில் அவர் சொன்னதே சரியென்று எனக்கும் பட்டது. தனியாக நிற்கப் பயந்து இந்தப் பாழாய்ப்போன கை மேலே போனது. அவர் போன மாதம் இறந்தார். இதை அவரிடம் சொல்வதற்கு இடையில் நான்கு வருடம் இருந்தது. சொல்லவில்லை.