பிரோபிஜான் பெரியவரும் எங்கள் அக்காவும்

அக்கா இல்லை என்று எழுதக் கை வரவில்லை. காலையில் போன் செய்து, "லே, மத்தியானம் ரூம்ல இரி, மீன்கறி கொண்டு வாறேன்" என்றவர், மத்தியானம் மார்ச்சுவரியில் இருந்தார். மாரடைப்பு என்றார்கள். நான் நம்பவில்லை. மறுநாளும் அவருடைய எண்ணுக்கு அழைத்துக்கொண்டுதான் இருந்தேன்.

குளச்சலில் மீனவர் வீட்டில் மூத்த மகளாகப் பிறந்தவர் அக்கா. அப்பாவைக் கடல் கொண்டுபோன பிறகு, நர்ஸிங் முடித்து ஷார்ஜா வந்து எங்கள் எல்லோரையும் கரையேற்றினார். என்னைத் தொழில்பேட்டை கராஜில் சேர்த்துவிட்டதும் அவர்தான். எங்களிடம் கோபம் மூக்கின்மேல் இருக்கும். நோயாளியிடம் குரல் உயர்த்தியதில்லை.

சில ஆண்டுகள் ஷார்ஜாவிலேயே முவைலா பகுதியில், மகளோடு இருந்த ஒரு ரஷ்யப் பெரியவரைக் கவனித்துக்கொண்டார். யூதர், பிரோபிஜான் என்ற ஊரில் ஆங்கில வாத்தியாராக இருந்தவர். வெள்ளிக்கிழமைச் சாப்பாட்டில் அக்கா அவர் கதையையும் சேர்த்தே பரிமாறுவார்.

"யூதருக்கு இஸ்ரேல்தானே நாடு?" என்றேன் ஒருநாள்.

"போலே. அதுக்கு முன்னாலயே ரஷ்யாக்காரன் சீனா பார்டர்ல ஒரு இடம் குடுத்து, இதுதான் ஒங்க ஊருன்னான். ரயிலேறிப் போனா வெறும் சதுப்பு, கொசு, கொல்லுற குளிரு. பாதிப்பேரு திரும்பிட்டாவ. மிச்சம் உள்ளவிய அவிய பாஷையில பள்ளிக்கூடம், பத்திரிகைன்னு தலைதூக்குன நேரத்துல, அதே அரசாங்கம் ஆளைப் பிடிச்சு, பள்ளிக்கூடத்த மூடி, புத்தகத்தத் தீயில போட்டுது."

"பெறவு?"

"பெறவு என்ன? முக்காவாசிப் பேரும் இஸ்ரேலுக்குப் போயிட்டாவ. ஸ்டேஷன்ல ஊர்ப்பேரு மட்டும் அந்தப் பாஷையில நிக்கி." சொல்லிவிட்டு அக்கா பாதிச் சோற்றில் எழுந்துவிட்டார்.

உடலை ஊருக்கு அனுப்ப அலைந்த கராஜ் நண்பர்கள், உடனிருந்து ஜெபித்த நர்ஸ் சகோதரிகள், குளச்சலில் கல்லறைவரை வந்த உறவுகள் எல்லோருக்கும் எங்கள் குடும்பம் என்றும் கடமைப்பட்டிருக்கிறது. ஒருவரைத் தனியே சொல்ல வேண்டும்.

இங்கே ஷார்ஜாவில் பெட்டியை மூடுமுன் அந்தப் பெரியவரின் மகள் மரீனா வந்தார். அக்காவின் முகத்தைப் பார்த்தார். தன் சட்டைக் கழுத்தைப் பற்றிச் சர்ரென்று கிழித்தார். எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. ஓடிப்போய்க் கையைப் பிடித்தேன்.

"இது எங்கள் வழக்கம். பெற்றவரோ கூடப்பிறந்தவரோ போனால் கிழிக்க வேண்டும்," என்றார் ஆங்கிலத்தில். "முன்பு எனக்கே இது தெரியாது. அரசாங்கத்துக்குப் பயந்து அப்பா எதையும் சொல்லாமலே வளர்த்துவிட்டார். கடைசியில் உங்கள் அக்காவிடம்தான் சொல்லியிருக்கிறார். போன வருடம் அப்பா இறந்தபோது எனக்கு இதைச் சொல்லித்தந்தது அவர்தான்."

பிறகு என் சட்டையைப் பார்த்தார். "நீங்கள் தம்பிதானே?"

இரண்டு கையாலும் கிழித்தேன். அந்தச் சத்தத்தில்தான் அக்கா செத்துப்போனது எனக்கு உறைத்தது.